ஆளுக்கொரு பிள்ளையாக ஓடிய பிற்பகல்

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில், கொழும்புக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் நடந்தது இது. நாங்கள் கல்முனைக்காரர். கணவருக்குச் சந்தைப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடை. நான் வீட்டிலிருந்தபடி உடுப்புத் தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. நால்வரும் ஒன்றாக ஊரை விட்டு வெளியே போய்த் தங்கியது அதுதான் முதல் தடவை. அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது களைப்புத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

களைப்பு, பஸ் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடையை மூன்று நாளைக்கு மேல் பூட்ட ஏலாது என்று கணவர் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளைப் பங்கு வைப்பதிலேயே வீட்டில் தினமும் ஒரு பிரச்சினை. கணவருக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் கடைக்குச் சாமான் எடுக்க வேண்டும். தெஹிவளையில் இருக்கும் அவருடைய சாச்சா, அதாவது சித்தப்பா, வீட்டுக்கு ஒரு பின்னேரம் போகாவிட்டால் குறை வரும். மகளுக்குப் பெரிய கடைத்தொகுதி பார்க்க வேண்டும். மகனுக்குப் பூங்கா மட்டும் போதும், ஆனால் மூன்று நாளும் பூங்கா. கடைசியில் பூங்காவுக்கு ஒரு நாள் என்று முடிவானது. உடனே அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்று அடுத்த சண்டை. மகளுக்கு உயரமான சறுக்குகள், மகனுக்கு அலைக்குளம். தம்பியோடு போனால் சறுக்கில் ஏற விடமாட்டார்கள் என்று அவள் முறைப்பாடு. அக்காவை அவன் ராத்தா என்றுதான் கூப்பிடுவான். ராத்தா தன் படம் எடுத்தே நேரத்தை முடித்துவிடுவாள் என்று அவன் முறைப்பாடு.

"உங்களுக்கு என்ன வேணும், உம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் வேணாம். ஒரு மரத்துக்குக் கீழ கொஞ்சம் படுத்துக் கிடந்தாக் காணும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கலியாண வீட்டுத் தையல் வேலைகள் அப்போதுதான் முடிந்திருந்தன. முதுகு நிமிரவில்லை.

கணவர்தான் முடிவு சொன்னார். காலையில் சறுக்குகள். பிறகு நண்பகல் லுஹர் தொழுகை, சாப்பாடு. அதிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரை அலைக்குளம். அலைக்குளம் என்றால் என்ன என்று மகன் எனக்குப் போனில் காட்டியிருந்தான். பெரிய குளம், ஒரு பக்கம் கடற்கரை மாதிரிச் சரிவு, யந்திரத்தால் அலை எழுப்புகிறார்கள். படத்துக்கு மேலே பாட்டுப் போட்டிருந்தார்கள். அங்கே நிற்கும் மனிதர்களின் சத்தம் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீர்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று காலையிலேயே திட்டம் குழம்பிவிட்டது. வாசலில் வரிசை நகரவே இல்லை. உள்ளே போனால் சறுக்குக்கு இன்னொரு வரிசை. மகள் ஒரு தடவை சறுக்கி வர, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மகன் அவளுக்கு எவ்வளவு நேரம் போனது, தனக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கணவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எங்களை நடத்தினார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு மூலையில் துணி விரித்துத் தொழுதோம், ஆறிப்போன சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். "இன்னும் கொஞ்ச நேரந்தான், புள்ள. பிறகு நீ படு," என்று கணவர் சொன்னார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. முதல்நாள் முழுக்கப் புறக்கோட்டையில் அலைந்தவர்.

அலைக்குளத்துக்கு வந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. மகன் ஓடி இறங்கினான். அவனுடைய வயதில் இன்னொரு பையன் அதற்குள் அவனோடு சேர்ந்துகொண்டான். மகள், உடுப்பு மாற்றி வருவதாகச் சொல்லிக் கணவர் பக்கத்தில் நின்று பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் கரையில், சீமெந்து வரம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணை மூடினேன்.

அப்போது எங்கோ ஒரு மணி நீளமாக அடித்தது. அடுத்த கணம் குளத்தில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

சந்தோஷத்தில் கத்துவதும் பயத்தில் கத்துவதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றுதான். நான் கண்ணைத் திறந்தபோது தண்ணீர் எழும்பி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஆட்கள் கரையை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. அபாயாவோடு தண்ணீருக்குள் ஓடினேன். யாரையோ இடித்தேன், யாரோ விழுந்தார்கள். மகனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு பயந்து அழத் தொடங்கினான். "விடுங்க உம்மா, விடுங்க," என்று அவன் கத்தியது எனக்குக் கேட்டது, ஆனால் கையை விட என்னால் முடியவில்லை. சரிவில் அவனை இழுத்துக்கொண்டு ஏறி, புல்தரைக்கு வந்த பிறகும் பிடித்தபடியே நின்றேன்.

விசில் சத்தம் கேட்டது. உயிர்காப்பாளர் ஒருவர், இளைஞர், என்னை நோக்கி வேகமாக வந்தார். அப்படியான உடுப்போடு குளத்தில் இறங்கக் கூடாது என்ற கோபம் அவருக்கு. சிங்களத்தில் ஏதோ சொன்னார், எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள். "உம்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்று மகன் அழுதான்.

நான் கணவரைத் தேடினேன். அவர் நின்ற இடத்தில் பைகள் மட்டும் கிடந்தன. மகளும் இல்லை.

குளத்துக்குப் பின்னால் உயரத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை இருந்தது. அதற்குப் போகும் படிக்கட்டின் உச்சியில் அவரைக் கண்டேன். மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்காலில் இரத்தம். அவர் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எங்களைக் கண்டதுபோலத் தெரியவில்லை.

உயிர்காப்பாளர் இன்னும் கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது கூடியவராக இருக்கலாம். தன் துவாயை என் தோளில் போட்டார். உடைந்த தமிழில், "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார்.

"கல்முனை," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நாங்க அம்பாந்தோட்டை," என்றார். அந்த இளைஞர் பக்கம் திரும்பி மெதுவாகச் சிங்களத்தில் கதைத்தார். நீண்ட கதை இல்லை. கல்முனை என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. இளைஞர் விசிலைக் கையிலிருந்து விட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய், போனைத் தூக்கி நின்றவர்களை விலகச் சொன்னார்.

சுனாமி வந்த காலையில் எனக்குப் பதினான்கு வயது. அம்பாந்தோட்டையையும் கடல் அன்று விட்டுவைக்கவில்லை. எங்கள் வீடு கடற்கரை வீதியில் இருந்தது. ஆறு வயதான என் தம்பி அன்று போய்விட்டான். கணவரை அப்போது எனக்குத் தெரியாது. அவர் வயல் பக்கமாக ஓடிப் பிழைத்தவர். அவருடைய உம்மாவும் அன்றுதான் மவுத்தானார். எங்கள் ஊரில் இது புதினம் இல்லை, வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. அதனாலோ என்னவோ நாங்கள் அதைக் கதைப்பதில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும்கூட அந்த நாளைப் பற்றி முழுதாகக் கதைத்ததில்லை. கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டினோம். பிள்ளைகள் கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டால் அயலாரோடு அனுப்பினோம். டிசம்பரில் பாடசாலையில் பிள்ளைகள் மௌனமாக எழுந்து நிற்பார்கள். அது ஊருக்கு நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என்ன நடந்தது என்று தெரியாது.

கணவர் மகளோடு மெதுவாகப் படியிறங்கி வந்தார். மகள் அழுகையும் கோபமுமாக இருந்தாள். "வாப்பா என்னை இழுத்து விழுத்தாட்டிட்டார். நீங்க தண்ணிக்க பாஞ்சீங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன நடந்த?" என்று கேட்டாள்.

அவர் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். நான் மகளின் முழங்காலைத் துடைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கத்தினாங்க. ஓடிட்டன். மகள்ட கைதான் கிட்ட இரிந்திச்சி. உன்னையும் மகனையும் விட்டுட்டு ஓடிட்டன், புள்ள."

அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் அந்தப் படிக்கட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது. என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நானும் மகள உங்களிட்ட விட்டுட்டுத்தானே ஓடின. திரும்பியும் பாக்கல்ல. நீங்க ஒண்டத் தூக்கினீங்க, நான் ஒண்டத் தூக்கின. ரெண்டும் இஞ்ச இரிக்கிதுதானே."

அவர் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். பிள்ளைகள் தங்கள் வாப்பா அழுவதை அன்றுதான் கண்டார்கள். மகள் தன் கோபத்தை விட்டுவிட்டு அவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

பிறகு நாங்கள் சொன்னோம். நான் கொஞ்சம், அவர் கொஞ்சம். அவர் சொன்னதில் பாதி நானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பெரிய விவரங்கள் எல்லாம் சொல்லவில்லை. அவருடைய உம்மா காலையில் மாவு குழைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். என் தம்பி முன்பல் விழுந்த வாயோடு எல்லோருக்கும் பெயர் வைத்துக் கூப்பிடுவதை நான் சொன்னேன். அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. அல்பமும் வீட்டோடு போய்விட்டது.

மகன் என் பக்கம் திரும்பினான். "அப்ப அவர் எனக்கு மாமாவா?" என்று கேட்டான்.

"ஓம், மாமா."

"எத்தின வயசு?"

"ஆறு."

"அப்ப மாமா என்னைவிடச் சின்னவர்," என்றான். அதைச் சொன்ன விதத்தில், என் தம்பியை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல ஒரு பொறுப்பு இருந்தது. நான் அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அந்தப் பெண் எங்களுக்குப் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றித் தந்தார். அம்பாந்தோட்டையில் அவருக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "போய் விளையாடுங்க, நான் பாக்கிறது," என்றார். மகன் என் முகத்தைப் பார்த்தான். போக விட எனக்கு மனமில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து, ஒரு மாதமாகக் காத்திருந்த பிள்ளை. கணவர்தான், "ராத்தாட கையப் பிடிச்சிட்டுப் போ," என்றார்.

இருவரும் இறங்கினார்கள். தூரத்தில் நின்ற அந்த உயிர்காப்பாளர் எங்களைப் பார்த்தார். மணி அடிப்பதற்கு முன்னால் எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்திக் காட்டினார். இப்போது வரும், பயப்படாதீர்கள் என்பதுபோல. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார். மணி அடித்தது, எல்லோரும் கத்தினார்கள், தண்ணீர் எழும்பியது. நாங்கள் இருவரும் வயதானவர்களைப்போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அது இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது முறையும் நெஞ்சு அடித்தது. மூன்றாவது முறையும்தான். பழகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அலை இறங்கும்போது நனைந்த தலைகளுக்குள் எங்கள் இரண்டு தலைகளையும் எண்ணிக்கொண்டோம்.

அஸருக்குப் போக வேண்டும் என்று கணவர் சொல்லவில்லை. மகன் தானாக வந்து, "குளிருது," என்று சொன்ன பிறகுதான் எழுந்தோம். அந்தப் பெண்ணிடம் துவாயைக் கொடுத்தபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பும்வரை பஸ்ஸில் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை கொண்டோம்.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கடை, தையல், பள்ளிக்கூடம். கடற்கரைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை, போவோமா என்றும் தெரியாது. ஆனால் சாப்பிடும்போது மகன் திடீரென்று, "மாமாவுக்கு மீன் பொரியல் விருப்பமா?" என்று கேட்பான். நான் ஞாபகப்படுத்திப் பார்த்து, ஓம் என்றோ இல்லை என்றோ சொல்வேன். சில கேள்விகளுக்கு எனக்கே மறந்துவிட்டது. அப்போது அவனாக ஒரு பதிலைச் சொல்லிவிடுவான், நானும் மறுப்பதில்லை. இருபது வருடமாக நான் தனியாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றி இப்போது கேட்டு விசாரிக்க அவனுக்கு ஒரு மருமகன் இருக்கிறான் என்பதுதான், அந்தக் களைத்த நாளை நினைக்கும்போதெல்லாம் என் மனதை ஆற்றுகிறது.