பிறிஜெற் அக்காவின் பெருவிரல்

வெள்ளவத்தையில் பிறிஜெற் அக்காவிடம் செயற்கை நகம் ஒட்டப் போகிறவர்கள் முதலில் ஏச்சு வாங்க வேண்டும். நகமெல்லாம் பிறகுதான். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், சலூன் ஒன்றின் மூலையில் அவருடைய மேசை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவார். ஒவ்வொரு வாடிக்கைக்காரிக்கும் தனி அரம், பெயர் எழுதிய தனிக் கடித உறை. என் அரத்தை என் சொந்தத் தங்கைக்கே போட மாட்டார். கத்தரி, சுரண்டி எல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறி எழும்பும்வரை எவ்வளவு அவசரக்காரியும் காத்திருக்க வேண்டும்.

ஒட்டிய நகத்தின் ஓரம் கிளம்பினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், வீட்டில் பசை தடவவே கூடாது என்பது அவருடைய கட்டளை. இடுக்கில் ஈரம் தங்கும், ஈரத்தில் கிருமி குடியேறும், பிறகு நகம் பச்சை பிடிக்கும். ஆறு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. ஒருமுறை நான் இரண்டு வாரம் பிந்திப் போனதற்கு, என் சோம்பலைப் பற்றி முழுச் சலூனுக்கும் கேட்கப் பிரசங்கம் வைத்தார். அவர் மேல் எனக்கு அன்பு உண்டு. சின்னக் கறுவமும் உண்டு.

அப்படிப்பட்டவர் இந்த வருடம், தன் ஒரே மகள் றஷ்மியின் கலியாணத்துக்காக, வாழ்க்கையில் முதன்முறையாகத் தானும் நகம் ஒட்டிக்கொண்டார். காரணம் ஒரு படம். சேர்ச்சுக்குப் புறப்படும் முன் தாய் தன் பெருவிரலால் மணமகளின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். கமெரா கிட்ட வந்து அந்த விரலைத்தான் எடுக்கும். மற்றவர்களின் விரல்களை அழகாக்கியே காலம் போய்விட்டது, அந்த ஒரு படத்திலாவது தன் விரல் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆனால் கலியாணக் கேக்கை யார் செய்வது? அதுவும் அக்காதான். முந்திரி நறுக்கி, பிளம்ஸ் கழுவி, தட்டுகள் தேய்த்து, நாட்கணக்காகக் கை காயவில்லை. வலது பெருவிரல் நகத்தின் ஓரம் கிளம்பியது. சலூனுக்கு வர நேரமில்லை. வீட்டில் செருப்பு ஒட்டும் பசை இருந்தது. தடவிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நான் போனேன். அக்காவின் பெருவிரலில் பிளாஸ்டர். கத்தி வெட்டியது என்றார். எங்கள் கைகளையெல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறவரின் கையை அன்றைக்கு நான் பிடித்துத் திருப்பினேன். ஒட்டிய நகத்தைக் கழற்றியிருந்தார். கீழே சொந்த நகம் கிணற்றுப் பாசிபோலப் பச்சை.

நான் சிரித்தேன். ஆறு வருட ஏச்சு, சிரிக்காமல் என்ன செய்வது? அக்கா சிரிக்கவில்லை. டொக்டரிடம் போனதாகவும், அவர் துளி மருந்து தந்து, நகத்தை மூடாமல் ஈரம் படாமல் வைத்திருக்கச் சொன்னதாகவும் சொன்னார். பச்சை வளர்ந்து போக மாதக்கணக்காகுமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நாளைக்கு மட்டும் மேல ஒண்டு ஒட்டினா என்ன?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் பச்சை பிடித்த நகத்தோடு வந்த ஒரு மணப்பெண் இதையேதான் கேட்டாள். அவளை வெறும் நகத்தோடு அழ அழ அனுப்பியது இதே அக்கா.

"அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்க, அக்கா?"

அக்கா உறைகளை அடுக்கினார். பிறகு என் கையை இழுத்து, சின்னவிரல் ஓரத்தில் அழுக்கு என்று ஏசத் தொடங்கினார். ஒட்டுவதில்லை என்று முடிவு எடுத்துவிட்டார் என எனக்கு விளங்கியது.

கலியாணக் காலை கொட்டாஞ்சேனை வீட்டில் நானும் நின்றேன். அவருடைய கணவர் பேர்னாட் அண்ணை கோட்டுக்குள் வியர்த்தபடி அடுத்த அறையில் கார் சாவி தேடிக்கொண்டிருந்தார். அக்காவின் ஒன்பது விரல்களில் முத்து நிற நகங்கள். பெருவிரல் மட்டும் வெறுமையாக, பச்சையாக. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவைத்துக்கொண்டு வந்தார். படம் எடுக்க வந்தவர் விரலைப் பார்த்துவிட்டு, மற்றக் கையால் போட முடியுமா என்று சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். அக்கா உடனே வலது கையைச் சேலை மடிப்புக்குள் ஒளித்து, இடது கையை உயர்த்தினார். அன்றைக்கு ஏன் சிரித்தேன் என்று எனக்கு நெஞ்சு சுட்டது.

றஷ்மி அந்த வலது கையை வெளியே இழுத்தாள்.

"ஸ்கூல் போகக்குள்ள, சோதனைக்குப் போகக்குள்ள, எல்லாத்துக்கும் இந்த விரலாலதானே மம்மி போட்டு விட்டனீங்க. எனக்கு இதுதான் வேணும்."

பச்சைப் பெருவிரலைத் தானே எடுத்து நெற்றியில் வைத்தாள். வாய் ஓயாத பிறிஜெற் அக்காவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மெதுவாகச் சிலுவை போட்டார். வீட்டில் அவருடைய சத்தம் நின்றுவிட்டதே என்று பயந்து, பேர்னாட் அண்ணை அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.