ஜெயித்த மறுவருடம்

விழுப்புரம் மைதானத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் கல்லூரி அணி தோற்றுக்கொண்டிருந்தது. எதிரணியின் நெட்டைப் பையன் ஒருவன் பந்தைக் கூடைக்குள் போடும்போதெல்லாம், எங்கள் பெஞ்சிலிருந்து ஒரே ஒரு மனிதர் எழுந்து கை தட்டினார். அவர்தான் எங்கள் அணியைத் தயார்செய்து அழைத்து வந்தவர். கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், எல்லோருக்கும் பி.டி. சார். அத்தனை கூட்டத்தில் அந்த ஒற்றைக் கைதட்டல் தனியாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். விளையாட்டு அணியோடு ஓர் ஆசிரியர் மேனேஜராகப் போக வேண்டும் என்பது விதி. குடும்பம் குட்டி இல்லாதவன் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. பி.டி. சாருக்கும் குடும்பம் கிடையாது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, மெஸ்ஸில் சாப்பாடு, மீதி நேரமெல்லாம் மைதானம். எங்கள் கூடைப்பந்து மைதானம் வெறும் செம்மண். ஒவ்வொரு காலையும் அவரே சுண்ணாம்பால் கோடு போடுவார். சாயங்காலத்துக்குள் பையன்களின் கால்கள் அதை அழித்துவிடும். அந்த மண்ணில் ஆடிய ஐந்து பையன்களை வைத்துக்கொண்டுதான், நான் சேர்ந்த வருடம், சென்னைக் கல்லூரிகளையெல்லாம் தோற்கடித்துக் கோப்பை வாங்கி வந்தார். ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வரை மேளதாளத்தோடு ஊர்வலம். அடுத்த வருடத்துக்குள் சிமெண்ட் தரை போட்டுத் தருவதாகப் பிரின்ஸிபால் மாலையைக் கழற்றாமலேயே அறிவித்தார். கூட்டம் கலைந்த பிறகு நான் மைதானத்துப் பக்கம் போனேன். பி.டி. சார் தனியாகப் பந்துகளை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பேரு பைனல் இயர் சார்" என்றார். அவ்வளவுதான்.

அவர் பயந்தபடியே நடந்தது. ஜூன் மாதம் வந்தது. மூவரில் ஒருவன் ராணுவத்துக்குப் போனான், ஒருவன் வேலை தேடிப் பட்டணம் போனான், அணித்தலைவனாக இருந்தவன் மயிலத்துப் பக்கம் தன் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டான். நான்காமவனை அவன் அப்பா படிப்பை நிறுத்தி மளிகைக் கடையில் உட்காரவைத்தார். மிச்சமிருந்தது வானூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன்தான். கொத்தனார் மகன், முதல் வருடம்தான் முடித்திருந்தான், கதவு நிலையில் தலை இடிக்காமல் வகுப்புக்குள் நுழையத் தெரியாதவன். ஒரு நாள் சென்னையிலிருந்து பெரிய கல்லூரி ஒன்றின் ஆள் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார். சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. மறுநாள் காலையில் அவன் பி.டி. சார் எதிரில் வந்து நின்றான். நானும் இருந்தேன்.

"நீங்க வாணாம்னு சொன்னா நான் போவல சார்."

"ஷூ இல்லாம எத்தினி நாளுடா ஆடுவ? ஜல்தியா டி.சி. வாங்கிக்கினு கெளம்பு."

"நம்ம டீமு சார்?"

"அத நான் பாத்துக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நம்மகூட மேட்ச் வந்தா, சாராச்சேன்னு மெதுவா ஆடாத. எனக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பஸ் ஏற்றிவிட இவரே போனார். திரும்பி வந்தவர் நேராக அட்மிஷன் வரிசை நின்ற இடத்துக்குப் போய், உயரமான தலைகளைத் தேட ஆரம்பித்தார். கபடி ஆடியவர்கள், ஓட்டப் பந்தயக்காரர்கள், பந்தையே தொட்டுப் பார்க்காதவர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பந்தைத் தட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்களை விசில் ஊதி ஊதி நிறுத்தினார். சிமெண்ட் தரையைப் பற்றி நினைவூட்டப் போனபோது பிரின்ஸிபால், "இந்த வருஷமும் கப் வரட்டும் சார், பார்க்கலாம்" என்றார்.

அந்த வருடப் போட்டிகள் விழுப்புரத்தில் நடந்தன. முதல் ஆட்டமே அந்தச் சென்னைக் கல்லூரியோடு. வானூர்ப் பையன் வெள்ளை ஷூவோடு எதிர்ப்பக்கம் நின்றான். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் ஆடினான். அவனைத் தடுக்கத் தெரியாமல் எங்கள் பையன்கள் மேலே விழுந்து விழுந்து, ஃபவுல் ஆகி ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆடுவதற்கு ஆள் இல்லாமல் கடைசியில் மூன்று பேர் மட்டும் மைதானத்தில் நின்றார்கள். அப்போதும் வானூர்ப் பையன் கூடை போட்டான். பி.டி. சார் எழுந்து கை தட்டினார். பின்னாலிருந்து எங்கள் மாணவன் ஒருவன் பொறுக்க முடியாமல் கத்தினான்.

"சார், நீங்க எந்த டீமு?"

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "ரெண்டும் நம்ம டீமுதாண்டா. அது போன வருஷத்து டீமு" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் வானூர்ப் பையன் வந்து எங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. பி.டி. சார் குனிந்து அவன் கால்களைப் பார்த்தார்.

"புது ஷூ கடிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப சரி. போ, உங்க கோச் தேடுவாரு."

திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பையன்கள் பின்சீட்டுகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். இரு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகளில் நிலக்கடலைச் செடிகள் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பி.டி. சார் என் பக்கம் திரும்பினார். "ஜெயிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல சார். ஜெயிச்ச மறுவருஷம் ஜூன் மாசம்னு ஒண்ணு வருது பாருங்க, அதுதான் கஷ்டம்."

அதற்குப் பிறகு அவர் கோப்பை வாங்கவேயில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அட்மிஷன் வரிசையருகே போய் நிற்பார். எப்போதாவது ஒரு நல்ல ஆட்டக்காரன் தேறுவான். தேறிய கையோடு யாராவது வந்து அழைத்துப் போவார்கள், அல்லது படிப்பு முடிந்துவிடும். அவரும் தடுத்ததில்லை. எனக்குக் கல்யாணமாகி மைதானத்தை ஒட்டிய தெருவில் குடிவந்தேன். மேனேஜர் வேலை வேறொருவருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், என் வீட்டில் பிள்ளைகளின் கூச்சல் அடங்கியிருக்கும்போது, மைதானத்திலிருந்து பந்துச் சத்தம் கேட்கும். பலகையில் ஒரு மோதல். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடியும் ஒரு மோதல். எறிந்தவரே நடந்து போய்ப் பந்தை எடுத்துவர வேண்டியிருக்கிறது என்பது அந்த இடைவெளியில் தெரியும். போய்க் கொஞ்ச நேரம் கூட இருக்கலாமா என்று தோன்றும். போனால் அவர் கூச்சப்படுவார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஓய்வு பெற்றும் அவர் அந்த அறையை விட்டுப் போகவில்லை. சில வருடங்கள் கழித்து அங்கேயே இறந்துபோனார். திருவாமாத்தூரிலிருந்து தங்கை மகன் வந்தார். வேறு உறவென்று யாருமில்லை. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த வானூர்க்காரனுக்கு நான்தான் போன் செய்தேன். மற்றவர்களுக்கு அவன் சொல்லியிருக்க வேண்டும். மதியத்துக்குள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். தொப்பையும் வழுக்கையுமாக வந்த அவர்களில் சிலரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கோப்பையோடு வந்த ஊர்வலத்துக்குப் பிறகு அந்த ஐவரும் ஓரிடத்தில் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

நான்கு பேர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். ஐந்தாமவன் தோள் மாற்ற உடன் நடந்தான். தூக்கியதும் வானூர்க்காரன் இருந்த பக்கம் உயர்ந்து, பாடை சாய்ந்தது. அணித்தலைவனாக இருந்தவன் பதறி, "டேய், நீ வெலகிக்கோடா, சார் சாயறாரு" என்றான்.

அவன் விலகவில்லை. முழங்காலை மடித்துத் தோளைத் தாழ்த்தினான், பாடை நேரானது. சுடுகாடு வரை அப்படிக் குனிந்தபடியே நடந்தான்.