ஜன்னல் வழியே நீண்ட சட்டம்

வாலிநோக்கத்தில் தச்சு வேலை செய்கிறேன். மரத்தைக் கோணம் பார்த்து அறுக்கும் மைட்டர் சா மெஷின் வாங்கியபோது, அதை எதன்மேல் வைப்பது என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது.

“கால் மடக்குற ஸ்டாண்டா வாங்குங்க. நீளக் கட்டை வந்தா வாசல்ல போட்டு அறுக்கலாம்ல” என்றாள் என் மனைவி செல்வி.

“தொழில்காரன் நானா, நீயா?” என்று கேட்டுவிட்டு, பட்டறைக்குள் சுவரோரமாக சிமெண்ட் மேடை கட்டி மெஷினை போல்ட் போட்டு இறுக்கினேன். துளி ஆடவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரமே பதினோரு அடிச் சட்டம் ஒன்று வந்தது. மேடையில் வைத்தால் சுவர் இடித்தது. செல்வியிடம் தோற்க மனமில்லாமல், சட்டத்தின் நுனியை ஜன்னல் வழியாக வாசல் பக்கம் விட்டேன். குறி போட்ட இடம் பிளேடுக்கு நேராக வருவதற்காக ஒரு தள்ளு தள்ளினேன்.

“ஆத்தீ!” என்று வெளியே சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், செல்வி நனைந்துபோய் நிற்கிறாள். சட்டம் அவள் இடுப்பிலிருந்த எவர்சில்வர் குடத்தில் இடித்திருந்தது. ஒரு சாண் விலகியிருந்தால் வயிற்றில் குத்தியிருக்கும்.

அவளோ, “கட்டைதான் வாசலுக்கு வந்திருச்சே, மெஷினையும் கொண்டாந்துருங்க” என்றாள்.

இப்போது வாசலில் ஸ்டாண்டுதான். மணலில் கால் புதையாதபடி அடியில் பலகை போட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக் குரல் கொடுத்த பிறகே அறுக்கிறேன். நெளிந்த குடத்தை மாற்றித் தருகிறேன் என்றேன், செல்வி விடவில்லை. நான் கட்டிய மேடையில், மெஷின் இருந்த அதே இடத்தில், எனக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள்.