பழைய லேப்டாப்பில் எங்கள் மில்

பாபநாசம் அருகே ஓர் அரிசி மில்லில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு நாள் காலை போன் வந்தது. முன்பின் தெரியாத பெண் குரல்.

"அக்கா, நீங்க பச்சைப் புடவை கட்டிக்கிட்டு ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருங்க நீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"வச்சிடாதீங்கக்கா. குத்தாலத்துலேர்ந்து பேசுறேன். பொண்ணு படிப்புக்குப் பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கினேன். எதையோ தொட்டுட்டேன், உங்க மில் கேமரா எல்லாம் தெரியுது. நெல் காயவைக்கிற மெஷினுக்குச் சூடு ஏத்துற பட்டன்கூட இருக்கு. உள்ளே ஒரு பில்லுல நம்பர் பார்த்துக் கூப்பிட்டேன்."

அந்த மெஷினருகே அப்போது ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "எதையும் தொடாதீங்கம்மா, அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் ஓடினேன்.

லேப்டாப், வேலையை விட்டுத் துபாய் போன எங்கள் மேனேஜர் விற்றுவிட்டுப் போனது; பாஸ்வேர்டும் அதிலேயே பதிந்திருந்தது. வீட்டிலிருந்தே மில் கம்ப்யூட்டருக்குள் வர வி.பி.என். என்ற தனி இணைய வழி வைத்திருந்தோம். அவர் போன பிறகும் அந்த வழியை யாரும் அடைக்கவில்லை.

"அப்போ இத்தனை நாளா யார் வேணாலும் உள்ளே வந்திருக்கலாமா?" என்று முதலாளி கேட்டார். "அந்த லேப்டாப் கையில இருந்தா வந்திருக்கலாம் சார்" என்றார் மில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர்.

அன்றே வி.பி.என்.னை நிறுத்தினோம். பிறகு 'ஜீரோ டிரஸ்ட்' முறைக்கு மாறினோம். ஆளையும் கருவியையும் ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகுதான் அது உள்ளே விடும். அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டுமே திறக்கும்.

இப்போது யார் வேலையை விட்டாலும், வழியனுப்பும் டீக்கு முன்பே, அவர் கண்ணெதிரில் அவருடைய அனுமதியை நீக்கிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.