உள்ளே போன கண்

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருளாயி அக்காவின் வேகத்துக்குப் பால் வெட்ட ஆளில்லை. 2003இல் ஒரு காலையில் அவருடைய வலது கண் சிவந்து வீங்கியது. பால் வெட்டுகிறவர்களின் கண் வீங்கினால் இங்கே யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. பால் தெறித்திருக்கும் என்பார்கள். டிஸ்பென்சரி ஐயாவும் அதையே சொல்லி, அழற்சிக்கு மாத்திரை கொடுத்தார். வீக்கம் இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அக்காவுக்கு ஒரு மரம் இரண்டாகத் தெரிந்தது. கத்தி ஆழமாக இறங்கி மரங்கள் காயப்பட்டன. இப்படியே போனால் கூலி குறைந்த புல் வெட்டத்தான் அனுப்புவேன் என்று கங்காணி காத்தமுத்து சொல்லிவிட்டார். புருஷனை இழந்த அக்காவுக்குப் பிழைப்பே அந்தக் கத்திதான்.

அம்மன் திருவிழா அன்று, நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையான லயமே பரபரத்தது. மேளம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பொட்டு வைக்க முகத்தைப் பிடித்த நாத்தனார் சுகந்தினி அப்படியே நின்றுவிட்டார்.

"மதினி, இது வீக்கம் வத்துன கண்ணு இல்ல. உள்ள போயிருக்கு."

சாமி லயத்தைத் தாண்டும் முன்பே கொழும்புப் பயணம் முடிவாகிவிட்டது.

கண் கிளினிக்கில் டாக்டர் ரஹ்மா, முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. விஷயம் தெரிந்த சுகந்தினி அக்காவின் தொடையைக் கிள்ளினார். சில வருடங்களுக்கு முன் எம்பிலிப்பிட்டியவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போய், ஒரு மார்பை எடுத்துவிட்டு வந்தவர் அக்கா. ரவிக்கைக்குள் துணி வைத்தே ஊரை நம்பவைத்திருந்தார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் நினைப்பு.

கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஒரு பக்கம் எடுத்துட்டாங்க, டாக்டர் நோனா. புத்துநோய்னு."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நல்ல வேளை சொன்னீங்க."

கண்ணுக்குப் பின்னாலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். பழைய நோய்தான் கண்குழிக்குள் பரவி, கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். கதிர் சிகிச்சை முடிந்து மாத்திரை தொடங்கியது. சில மாதங்களில் மரம் ஒன்றாகத் தெரிந்தது.

அக்கா திரும்ப வெட்டப்போன முதல் நாள், பெண்களெல்லாம் மலையில் கூடிவிட்டோம். கோடு சுத்தமாக விழுந்தது. பால் ஓடியது. கங்காணி, பால் தெறித்த கண் ஆறிவிட்டதா என்று விசாரித்தார்.

"பால் இல்லண்ணே. மாருல வந்த புத்து. ஒன்னு எடுத்தாச்சு, தெரியாதா?"

கங்காணி தரையைப் பார்த்தார். கூட்டத்தில் மரியாயி கேட்டாள்.

"அதான் ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறியாக்கா?"

முதலில் சிரித்தது இருளாயி அக்காதான்.