மாரிகுப்பத்தில் ஒரு வெள்ளை எஸ்டேட் கார்

என் கணவர் பாபு சக்கர நாற்காலியில் இருப்பவர். சாதாரண காரில் நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்துவிட்டால் வேறு எதற்கும் இடம் இருக்காது. நீண்ட பயணம் என்றால் நடுவில் ஒரு மணி நேரமாவது அவர் கால் நீட்டிப் படுத்தாக வேண்டும். அதனால் பின்பக்கம் நீளமாகப் போகும் எஸ்டேட் காராக, இரண்டு லட்சத்துக்குள், ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தோம். இந்த விலைக்குத் தேடுகிறவர்களுக்குத் தெரியும், பழைய வண்டிதான் கிடைக்கும், அதுவும் எங்காவது ஒரு மூலையில் ஒன்று. எங்களுக்குக் கிடைத்த மூலை கோலார் தங்க வயல். விளம்பரத்தில் போட்டிருந்த விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6.20க்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன், தனியாகத்தான். பாபு வரமுடியாது, வரமுடிந்தால் கார் எதற்கு? 9 மணிக்கு பங்காருபேட்டை. அங்கிருந்து கிளைப் பாதையில் தங்க வயலின் கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம், பதினாறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். பெட்டியில் என்னோடு சேர்த்து ஏழு பேர்தான். கூட்டமெல்லாம் விடியற்காலையிலேயே எதிர்த்திசையில் பெங்களூருக்குப் போய்விடுமாம். ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு மண் மேடுகள் சாம்பல் நிறத்தில் கூடவே வந்தன.

வண்டிக்காரர் செல்வராஜ் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் மனைவி ரோஸ்லின் அக்காவும் அங்கேதான் வேலை. தினமும் இந்தக் காரில்தான், பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, போக நூறு, வர நூறு கிலோமீட்டர். மூன்று வருடமாக.

“அப்புறம் இன்னாத்துக்கு விக்கறீங்க?” என்று கேட்டேன்.

“பெரிய பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிக்கிது, சிஸ்டர். அடுத்த வாரம் ஃபீஸ் கட்டணும். நாங்க ரெண்டு பேரும் ரயில்ல போய்ப்போம்.”

வண்டி பளிச்சென்று இருந்தது. முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆர்.சி., இன்சூரன்ஸ், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் எல்லாம் ஒத்துப்போயின. பின் சீட்டை மடக்கி டேப் வைத்து அளந்தேன்: ஐந்தடி பதினோரு அங்குலம். பாபு ஐந்தடி எட்டு. நானே ஏறிப் படுத்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ‘முடிச்சிடு’ என்று பதில் வந்தது.

ஓட்டிப் பார்க்கப் பேத்தமங்களா ஏரிவரை போனோம். நான் ஓட்ட, செல்வராஜ் பக்கத்தில், ரோஸ்லின் அக்கா பின்னால். போக பன்னிரண்டு கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. எழுபதிலும் வண்டி அலுங்கவில்லை. திரும்பும்போது ஒரு வேகத்தடையில் மட்டும் அடியில் ஏதோ கடகடத்தது.

“சைலன்சர் கிளாம்ப் லூஸாயிருக்கும். நானே சரி பண்ணிக் குடுத்துடறேன் சிஸ்டர், அதுக்குத் தனியா காசு வேணாம்” என்றார் செல்வராஜ். நேராக டேவிட் அண்ணன் கடைக்கு விடச் சொன்னார்.

டேவிட் அண்ணன் சுரங்கம் மூடும்வரை அங்கே வெல்டராக இருந்தவர். கேஜ் வெல்டிங் அவர் வேலை. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. இப்போது சொந்தமாக வெல்டிங் கடை. பாபு படுத்துக்கொண்டு வரத்தான் கார் என்று செல்வராஜ் அவரிடம் சொன்னார். காரைப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தச் சொல்லி, டார்ச்சோடு கீழே இறங்கினார். ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“செல்வா, இத்த எங்கனா இடிச்சியா?”

“இல்லியேண்ணே. இன்னா ஆச்சு?”

“எறங்கி வா.”

செல்வராஜ் பின்னாலேயே நானும் இறங்கினேன். அடித்தகட்டில் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட்டை டேவிட் அண்ணன் ஒரு முழ நீளத்துக்குச் சுரண்டியிருந்தார். அதற்குள் ஒரு கோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, கோணல்மாணலாக. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை அந்தக் கோட்டில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது.

மேலே வந்து பின்கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். வெள்ளைக்கு அடியில் சிவப்பு. முன்கதவைக் கழற்றினார். வெள்ளைக்கு அடியில் சில்வர்.

“இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி” என்றார். “முன்னால இடிச்சது ஒண்ணு, பின்னால இடிச்சது ஒண்ணு. நல்ல பாதியா வெட்டி ஒட்டிக்கிறானுங்க. கேஜ்ல இப்படி ஒரு வெல்டிங் பாத்தா ஒரு ஆளையும் எறக்க வுட மாட்டோம்.”

அரை மணி நேரத்துக்கு முன்னால் எழுபதில் ஓட்டிக்கொண்டு வந்தவள் நான். ஸ்க்ரூடிரைவர் இறங்கிய இடத்துக்கு நேர் மேலேதான் படுத்துப் போட்டோ எடுத்தேன்.

செல்வராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ரோசி, பசங்க ரெண்டும் இது மேலதான உக்காந்துனு வருவாங்க, சர்ச்சுக்கு” என்றார். ரோஸ்லின் அக்கா பின்சீட்டில் இருந்த தன் கைப்பையைப் போய் எடுத்துக்கொண்டு, காரிலிருந்து நாலடி தள்ளி நின்றார்.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத் தேடல், ஐந்தடி பதினோரு அங்குலம், எல்லாம் கண்முன் வந்தது. விலையை ஒரு லட்சமாகக் குறைப்பாரா என்று மனசு கணக்குப் போட்டது. “அண்ணா, நீங்க நல்லா வெல்டிங் பண்ணிக் குடுத்தா ஓட்டலாமா?” என்று டேவிட் அண்ணனைக் கேட்டேவிட்டேன்.

“பண்ணித் தரலாம்மா. அதுல யார் படுத்துனு வரப் போறாங்க?”

டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து செல்வராஜுக்குப் போன். வண்டி கேட்டுக் காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்ட இன்னொரு ஆள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வண்டி பாக்கவே வேணாம். பேப்பர் இருந்தா போதும். ரெண்டு லட்சம், சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்.”

செல்வராஜ் காரைப் பார்த்தார். ரோஸ்லின் அக்கா அவரைப் பார்த்தார். மகளின் ஃபீஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

“குடுக்கறதா இல்லைங்க.”

“இன்னும் பத்தாயிரம் போட்டுக்கங்க.”

“அடியில வெட்டி ஒட்டிக்கிது. இது காரே இல்ல.”

“அத்த நான் பாத்துக்கறேன் சார், உங்களுக்கு இன்னா?”

“நீ பாத்துப்ப. ஏறி உக்கார்றவன் பாப்பானா?” என்று போனை வைத்தார்.

ரயிலுக்கு நேரமிருந்தது. ரோஸ்லின் அக்கா வீட்டில் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். அதையும் என்னைக் கொடுக்கவிடவில்லை. வந்துபோன மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டைவரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் வெளியே எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை.

பழைய எஸ்டேட் கார் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு: பேப்பரை மட்டும் நம்பாதீர்கள். சேசிஸ் நம்பர் முன்பாதியில் இருக்கும், பின்பாதி யாருடையது என்று அது சொல்லாது. பின்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். மெக்கானிக்கோடு ஒரு வெல்டரையும் கூட்டிப்போங்கள். வண்டி பிடித்துவிட்டால் நம் கண் நமக்கே பொய் சொல்லும், எனக்குச் சொன்னது.

செல்வராஜ் அந்த வண்டியை டேவிட் அண்ணன் கடையிலேயே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு அதை விற்ற இடத்தில் இப்போது பூட்டுத் தொங்குகிறதாம். போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். ஃபீஸுக்கு ரோஸ்லின் அக்காவின் வளையல் போனது. இதெல்லாம் போனில் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இருந்துவிட்டேன். செல்வராஜ்தான் கூப்பிட்டார்.

“சிஸ்டர், முல்பாகல்ல ஒரு எஸ்டேட் வண்டி இருக்குதுன்னாங்க. ஞாயித்துக்கிழமை டேவிட் அண்ணன இட்டுனு போய் அடியில படுத்துப் பாத்தேன்.”

“எப்படி இருக்குண்ணா?”

“வேணாம் சிஸ்டர். நீங்க வராதீங்க. வேற பாக்கறேன்.”