குல்மார்க்குக்கு ஷேர் ஜீப்பில்

ஸ்ரீநகரிலிருந்து பனிமலைக்கு ஷேர் ஜீப்பில் போகலாம் என்று சொன்னது நான்தான். இப்போது எங்கள் வீட்டில் அதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். சொன்ன அன்று எனக்கே என் மேல் நம்பிக்கை கிடையாது.

என் கணவரின் அலுவலகத்தில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரப் பயணச் சலுகை உண்டு. விமான டிக்கெட்டுக்குப் பணம் வந்துவிடும். அங்கே போய் இறங்கிய பிறகு சுற்றுவதெல்லாம் நம் கைக்காசு. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் டிவியில் பனிச்சறுக்கைப் பார்த்துவிட்டு, இரண்டு மர ஸ்கேலைக் காலில் ரிப்பனால் கட்டிக்கொண்டு மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்தது. காஷ்மீர் என்று முடிவானதும், "அங்க நிஜக் கட்டை குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். குடுப்பாங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விசாரிக்கவே தொடங்கினேன். என் வழக்கம் எப்போதும் அப்படித்தான்.

ஸ்ரீநகரில் எங்களுக்கு மூன்று நாள். அதில் ஒருநாள் காலையில் போய் மாலையில் திரும்புவதுபோல, பனிச்சறுக்கு நடக்கும் குல்மார்க். ஒரு மாதம் அங்கே போகும் வழிகளையே விசாரித்துக்கொண்டிருந்தேன். மகளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதிவைத்தேன். ஹோட்டல்காரரே ஏற்பாடு செய்யும் கார் ஒரு வழி. சுற்றுலா பஸ் இன்னொரு வழி. அது மெதுவாகக் கிளம்பி, மலையில் கொஞ்ச நேரம் நின்று, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடும். மூன்றாவது, உள்ளூர்க்காரர்கள் போகும் ஷேர் ஜீப். ஸ்ரீநகரிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் தங்மர்க் வரை ஒரு ஜீப், அங்கிருந்து மேலே ஏற இன்னொரு ஜீப். கையில் இருந்த பணத்துக்குக் கார் எடுத்தால் மகளைப் பனியில் நிறுத்திப் போட்டோ எடுத்துவிட்டு வரலாம். ஜீப்பில் போனால் சறுக்குக்கட்டை வாடகைக்கு எடுத்து, சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் வைத்து, அவளை இரண்டு மணி நேரம் பழகவிடலாம். யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். நான் ஒரு மாதம் யோசித்தேன்.

எங்களோடு கணவரின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள்; எனக்கு மதினி, அண்ணாச்சி. அண்ணாச்சிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. என் திட்டத்தைக் கேட்டதும் மதினிதான் முதலில் சிரித்தாள்.

"ஏட்டி, தெனமும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல நிக்கது பத்தாதா? காஷ்மீர்லயும் போயி நிக்கணுமா?"

"ஜீப்புதான் மதினி. உள்ளூர் ஆளுங்க எல்லாம் அதுலதான் போறாங்க."

"உள்ளூர் ஆளுக்கு அது ஊரு. நமக்கு?"

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். "நாங்க கார் பிடிச்சிக்கிடுதோம். நீங்களும் வாங்க, பாதிப்பாதி போட்டுக்கிடலாம்."

அந்தப் பாதியே எனக்கு அதிகம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறொன்றைச் சொன்னேன். "ராத்திரி பனி பேஞ்சிருந்தா சக்கரத்துல சங்கிலி கட்டின வண்டியத்தான் தங்மர்க்குக்கு மேல விடுவாங்களாம் அண்ணாச்சி. கீழருந்து வர்ற காரு அங்கயே நின்னுரும்."

"அதெல்லாம் நம்ம டிரைவர் பாத்துக்கிடுவான்மா."

கணவர் என்னைப் பார்த்து, "உனக்குச் சரின்னு பட்டா அப்படியே செய்வோம்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பயம். சண்டை போட்டால்கூடப் பழியில் பாதியை அவரிடம் தள்ளிவிடலாம். இப்படிச் சொல்லிவிட்டால் தவறுவது முழுக்க என் தவறு.

அன்று காலை ஆறரை மணிக்கு ஜீப் நிலையத்துக்குப் போய்விட்டோம். மண்டிக்குப் போய்ப் பழகிய அண்ணாச்சி எங்களுக்கும் முன்னாலேயே எழுந்து மதினியோடு காரில் கிளம்பியிருந்தார். "மேல போயி டீயச் சொல்லி வைக்கோம்" என்று மதினி போனில் சொன்னாள். குளிர் காதுக்குள் ஊசி போல இறங்கியது. பத்துப் பதினைந்து பேர் முழங்கால் வரை தொங்கும் அங்கிக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றார்கள். "ஏம்மா எல்லாருக்கும் தொப்பையா இருக்கு?" என்று மகள் கேட்டாள். உள்ளே நெருப்புச் சட்டி வைத்திருக்கிறார்கள் என்று கணவர் சொன்னதும், தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றாள்.

முதல் ஜீப் வளைந்து உள்ளே வந்தது. அப்போது நான் செய்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை. தினமும் சாயங்காலம் வீடு திரும்பும் பஸ் நிற்பதற்கு முன்பே சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டு இடம் பிடிப்பவள் நான். பை விழுந்த இடம் நம் இடம். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டாலும், "பை கெடக்குல்லா?" என்ற ஒரு வார்த்தை போதும். ஜீப்பைப் பார்த்ததும் என் கை தானாக உயர்ந்தது. உருண்டுகொண்டிருந்த வண்டியின் ஜன்னல் வழியாகக் கையிலிருந்த பையை எறிந்துவிட்டேன். நடுச்சீட்டில் சரியாக விழுந்தது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். தொப்பைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். அங்கே முந்துவது என்ற பேச்சே இல்லை. வந்த முறைப்படி ஏறுகிறார்கள். டிரைவர் இறங்கி, பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆளிடம் ஏதோ சொன்னார். பையை முன்கண்ணாடிக்குக் கீழே பத்திரமாக வைத்தார். முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள். பை உள்ளே இருக்கிறது, நமக்கும் இடம் உண்டு என்று நான் நின்றுகொண்டிருந்தபோதே வண்டி நிறைந்து கிளம்பியும் விட்டது.

"அண்ணாச்சி! பை! பை!" என்று டிரைவரைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். வேறு எந்த மொழியும் அந்த நேரத்தில் வரவில்லை.

அந்தப் பையில்தான் மகளின் கையுறை, தடித்த காலுறை, முந்தின நாள் சந்தை முழுக்க அலைந்து அவள் அளவுக்கு வாங்கிய நனையாத கால்சட்டை எல்லாம் இருந்தன. அவை இல்லாமல் அவளைப் பனியில் இறக்க முடியாது. மறுநாள் காலை எங்களுக்கு விமானம். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. "அம்மா, என் பை எங்க போகுது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் அழுதே இருக்கலாம்.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார். "சிஸ்டர், பார்சல் யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"நீங்கள் இங்கே நிற்கிறீர்களே?"

அங்கே ஜனங்கள் தங்மர்க்கில் இருப்பவர்களுக்குச் சாமான் கொடுத்தனுப்புவது இந்த ஜீப்களில்தானாம். நான் எறிந்ததையும் டிரைவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் பையைப் போட்டால் சீட் என்று விளக்கினேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வாயிலிருந்து புகை புகையாக வரும்வரை சிரித்தார். வரிசையில் நின்றவர்களிடம் அவர்கள் மொழியில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். உதடு விறைத்திருந்தது. பிறகு அவர் போனை எடுத்து யாரிடமோ நீளமாகப் பேசிவிட்டு, "மூன்று பேர், அதில் ஒரு குழந்தை, சொல்லிவிட்டேன்" என்றார். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஜீப்பில் முறைப்படி ஏறினோம். கணவர் என்னைத் திட்டவில்லை. "பை முன்ன போயிருக்கு, நாம பின்ன போறோம். அவ்வளவுதான்" என்றார். வழியெல்லாம் இலை உதிர்ந்த மரங்களும் வெள்ளை வயல்களும். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. காரில் போயிருந்தால் பை மடியிலேயே இருந்திருக்கும். பாதிப் பணம் கொடுத்திருந்தால்தான் என்ன? மதினி இந்நேரம் மேலே டீ குடித்துக்கொண்டிருப்பாள். நான் படித்தவள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது இன்றோடு போயிற்று. ஒரு மணி நேரத்துக்கும் மேலே இப்படியே போனது.

தங்மர்க்கில் இறங்கினால் சாலையோரம் முழுக்கக் கார்கள். இரவு பனி கொட்டியிருந்தது. கீழிருந்து வந்த எந்தக் காரையும் மேலே விடவில்லை. சங்கிலி கட்டிய ஜீப்கள் நாலைந்துதான் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

"இது எங்க வீட்டுப் பைல்லா! எங்க பேருல்லா போட்டிருக்கு! எங்க பைக்கு எடம் உண்டு, எனக்கு இல்லியா?"

மதினிதான். ஒரு ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எல்லாச் சீட்டிலும் ஆட்கள். நடுச்சீட்டில் மட்டும் மூன்று பேர் இடம் காலியாக இருந்தது. அதன் நடுவில் என் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. போன வருஷம் மதினி புது வீட்டில் பால் காய்ச்சியபோது எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பை அது. ஒரு பக்கம் குத்துவிளக்கும், மறுபக்கம் மதினி, அண்ணாச்சி பேரும் பச்சை எழுத்தில் இருக்கும். டிரைவர் தலையை ஆட்டி ஆட்டிப் பையைக் காட்டினார். இது வேறு ஆளின் இடம், குழந்தை வருகிறது என்பதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஜீப் டிரைவர் போனில் வந்த சேதியைக் கேட்டு, மேலே ஏறும் வண்டியில் பையைப் போட்டு எங்களுக்கு இடம் பிடித்திருக்கிறார். எங்கள் ஊர் முறையிலேயே. அவர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்து என் மகளைப் பார்த்துக் கையசைத்தார். "சீட்!" என்று பையைக் காட்டிச் சிரித்தார். நன்றி என்று எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை.

அண்ணாச்சி ஒரு மணி நேரமாகப் பனியில் நின்றதில் முகம் சிவந்து போயிருந்தார். "சங்கிலி சங்கிலின்னு நீ சொன்னியம்மா. எங்க டிரைவர் இங்கன வந்துதான் அதச் சொல்லுதான்" என்றார். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஷேர் ஆட்டோவில் பழகிய உடம்புகள் நாங்கள். மூன்று பேர் இடத்தில் நான், மதினி, அண்ணாச்சி, என் கணவர் நாலு பேரும் ஒண்டி உட்கார்ந்தோம். மகள் என் மடியில். பை அவள் மடியில்.

சங்கிலி நறநறவென்று அரைக்க வண்டி ஏறியது. அண்ணாச்சி என் கணவரின் தோளைத் தட்டினார். "மாப்ளே, ஆளு வரதுக்கு முன்ன பையை அனுப்பி எடம் பிடிச்சிருக்காளே ஒன் வீட்டுக்காரி. மண்டிக்கு இப்படி ஒரு ஆளு வேணும்வே எனக்கு."

"எங்க வீட்டுப் பைன்னாலதான் எடம் கெடச்சுது" என்றாள் மதினி. அவளும் சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது தங்மர்க்கில் காத்திருந்த அண்ணாச்சியின் காரில்தான் வந்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும். ஜீப்பிலேயே வந்திருந்தால் என் திட்டம் முழுசாக இருந்திருக்கும் என்று இப்போதும் சில நேரம் தோன்றும். மலையிலிருந்து இறங்கும்போதே மகள் மதினியின் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். அவளை எழுப்பி ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்னால், மேலே பனியில் இரண்டு மணி நேரம். நினைத்தபடி முழுசாக இரண்டு மணி நேரம். சின்னப்பிள்ளைகள் பழகும் சரிவில், தன் உயரத்துக்கு இருந்த இரண்டு கட்டைகளில் நின்றாள் என் மகள். பூட்ஸ் கனத்தில் கால் தூக்க வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர் முழங்காலை மடக்கிக் காட்டினார். விழுந்தாள். எழுந்தாள். பக்கவாட்டில் விழுந்தாள், உட்கார்ந்தபடி விழுந்தாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு, போதும் வா என்று நான் வாயெடுத்தேன். கையுறையிலிருந்த பனியை உதறிக்கொண்டு, "ஸ்கேல்ல இதவிட வழுக்கும்மா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மதினி போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. போன் ஆடியதில் பாதி நேரம் வானமும் அண்ணாச்சியின் குல்லாவும்தான் தெரியும். மகள் தெரிவது கடைசிக் கொஞ்ச நேரம்தான். மேலிருந்து கையை விரித்துக்கொண்டு, தனியாக, விழாமல் நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறாள். சுற்றிலும் நிற்கும் காஷ்மீர்க்காரர்களைப் பார்த்து மதினி தமிழில் சத்தம் போடுவது கேட்கும்.

"ஏலே வழி விடுங்கலே! எங்க பிள்ளை வாரா!"

ஒரு வார்த்தையும் புரியாமல் எல்லோரும் வழி விடுகிறார்கள்.